வள்ளி திருமணம் நாடகம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே திருவிழா நடந்தாலும் நோட்டீஸை வாங்கி முதலில் நாடக வரியைத்தான் தேடுவேன். 'வள்ளி திருமணம்' என்று போட்டிருந்தால் அன்று ராத்திரி நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மலைக்கு மேலே குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், காலேஜ் போகும் பிள்ளைகள் எல்லோரும் இதைப் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

இது யார் எழுதிய நாடகம்? கதை என்ன?

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922இல் புதுச்சேரியில் காலமானார். பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதிய நாடகங்கள் நிறைய. எங்கள் பக்கம் அதிகம் போடுவது வள்ளி திருமணம்தான்.

கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. வேடர் தலைவன் நம்பிராஜனின் வளர்ப்பு மகள் வள்ளி. வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த குழந்தை என்பதால் அந்தப் பேர். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி, குருவி விரட்டுகிறாள். நாரதர் வந்து அவளைப் பார்க்கிறார், பேசுகிறார், முருகனிடம் போய்ச் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறார். 'இந்தப் பக்கம் மான் வந்ததா?' என்று கேட்டபடி வருபவரை வள்ளி விரட்டுகிறாள். வள்ளியின் அண்ணன்மார் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாக நிற்கிறார். அப்புறம் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு, விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்கிறார். கடைசியில் அண்ணன் விநாயகர் யானையாக வந்து உதவுகிறார். கல்யாணம்.

கதைதான் தெரியுமே. அதற்கு எதற்கு விடிய விடிய உட்கார வேண்டும்?

என் தம்பி கேட்கும் கேள்வி இது. கதை தெரிந்துகொள்ள யாரும் அங்கே வருவதில்லை. முன் வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கு அடுத்த வசனம் என்ன என்பது வரைக்கும் தெரியும். முருகன் ஜெயிப்பார் என்பது தெரியும். அன்று ராத்திரி அந்த வள்ளி அவரை எவ்வளவு நேரம் ஜெயிக்க விடாமல் வைத்திருக்கப் போகிறாள், என்ன சொல்லி வைத்திருக்கப் போகிறாள் என்பது யாருக்கும் தெரியாது. முருகனாக நடிப்பவருக்கே தெரியாது. நான் போவது அதற்காகத்தான்.

நடிப்பவருக்கே தெரியாது என்றால் எப்படி? ஒத்திகை பார்க்க மாட்டார்களா?

மாட்டார்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சுவாமிகள் காலத்தில் நாடகக் கம்பெனிகள் இருந்தன. 1918இல் மதுரையில் அவரே சிறுவர்களை வைத்து ஒரு பால சபை தொடங்கினார். பின்னால் பேர் பெற்ற நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகச் சேர்ந்தது அந்தச் சபையில்தான். கம்பெனி என்றால் ஒரே இடத்தில் தங்கி, ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டு, சேர்ந்து நடிப்பது. இதற்கு வேறு மாதிரியாக, ஒரு ராத்திரிக்கு மட்டும் நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து நடத்தும் முறைக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பேர். சினிமா வந்து கம்பெனிகள் கலைந்த பிறகும் இந்த முறை நின்றது. ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம் கட்டுபவர், மதுரையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி, புதுக்கோட்டையிலிருந்து வருவார். நாரதர் திண்டுக்கல், சிரிக்கவைக்கும் பபூன் காரைக்குடி. ஆர்மோனியக்காரர் வேறு ஊர். நோட்டீஸில் ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் அவர் ஊர்ப் பேர் இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

இவர்கள் எல்லோரும் சாயங்காலம் பஸ் பிடித்து வந்து, மேடைக்குப் பின்னால் கட்டிய தட்டிக்குள்ளோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ உட்கார்ந்து அரிதாரம் பூசுகிறார்கள். அன்றைக்குத்தான் முதல்முறை சந்திக்கும் இரண்டு பேர் வள்ளியும் முருகனுமாக நிற்க வேண்டியிருக்கலாம். சேர்ந்து ஒரு வரி பாடிப் பார்த்ததில்லை. ஆனாலும் நாடகம் நிற்காமல் ஓடுகிறது என்றால் அதற்குச் சுவாமிகளின் எழுத்துதான் காரணம். எல்லோரும் படித்தது ஒரே பாடம். எந்த விருத்தத்துக்குப் பின் எந்தப் பாட்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று ஒரு வரிசை எல்லோர் மனதிலும் இருக்கிறது. அந்த வரிசைக்குள் எங்கே நிற்பது, எங்கே நீட்டுவது, எங்கே புதிதாக ஒன்றைப் போடுவது என்பது அவரவர் சாமர்த்தியம்.

ஆர்மோனியக்காரரைக் கவனியுங்கள். முழு நாடகத்தையும் கையில் வைத்திருப்பவர் அவர்தான். நடிகர் முதல் சொல்லை இழுக்கும்போதே இது எந்தப் பாட்டு, எத்தனை கட்டை சுருதி என்று பிடித்துவிடுவார். பின்பாட்டு பாடுவார். நடிகருக்கு அடி மறந்தால் வாசித்தபடியே எடுத்துக் கொடுப்பார். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும்போது யார் சுருதிக்கு யார் வருவது என்பதையும் அந்த நொடியில் அவர் தீர்த்துவைக்க வேண்டும். மிருதங்கத்துக்கும் இது பொருந்தும். பக்கத்தில் ஆல்ரவுண்ட் வாசிப்பவர் ஒருவர் இருப்பார். வள்ளி கவண் சுற்றினால் அந்தச் சத்தம், யானை வந்தால் அந்தச் சத்தம், பபூன் விழுந்தால் அந்தச் சத்தம் எல்லாம் அவர் கையில். வள்ளியின் கை மேலே போவதைப் பார்த்துத்தான் அவர் அடிக்க முடியும். முன்கூட்டிப் பேசிவைத்தது எதுவும் இல்லை.

தர்க்கம் தர்க்கம் என்கிறார்களே, அது என்ன?

நாடகத்தின் உயிர் அதுதான். முதலில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம், பின்னால் வேடனாக வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம். பாட்டாகவும் வசனமாகவும் மாறி மாறி வரும். ஒருவர் கேள்வி போட்டால் மற்றவர் மடக்க வேண்டும். திருக்குறள் வரும், திருப்புகழ் வரும், புராணம் வரும். ஆண் பெரிதா பெண் பெரிதா, விதியா மதியா, இல்லறமா துறவறமா என்று எங்கு வேண்டுமானாலும் போகும். படித்தவர்களாக இரண்டு பேர் சிக்கிவிட்டால் மணி இரண்டு, மூன்று என்று போவது தெரியாது. ஒருவர் படித்து மற்றவர் படிக்காதவராக இருந்தால் அதுவும் மேடையில் பச்சையாகத் தெரிந்துவிடும்.

கூடலூர்ப் பக்கம் ஒரு சித்திரைத் திருவிழாவில் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வள்ளியாக வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாரதர் இளைஞர், நல்ல குரல், கொஞ்சம் வேகம். 'ஆளில்லாத காட்டில் தனியாக நிற்கிறாயே, பெண்ணுக்கு ஒரு துணை வேண்டாமா?' என்று ஆரம்பித்தார். அந்த அம்மா அவசரப்படவில்லை. பரணிலிருந்து ஒரு படி இறங்கி, 'சுவாமி, மூன்று உலகத்தையும் நீங்கள் யாரோடு சுற்றுகிறீர்கள்?' என்று கேட்டார். நாரதர் சிரித்துக்கொண்டே தம்புராவைத் தூக்கிக் காட்டினார், 'இதோ என் துணை.' கூட்டம் கை தட்டியது. அந்த அம்மா கை தட்டல் அடங்கும் வரை பொறுத்திருந்தார். அப்புறம் கையில் இருந்த கவணை அதே மாதிரி தூக்கிக் காட்டினார், அதே மெட்டில், 'இதோ என் துணை.' ஆல்ரவுண்ட்காரர் சரியாக ஒரு அடி போட்டார் பாருங்கள், பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் ஆர்மோனியமே கேட்கவில்லை. அந்த இளைஞர் தம்புராவைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவைக் கும்பிட்டார். நாரதராகக் கும்பிட்டாரா, அவராகக் கும்பிட்டாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது எழுதிவைத்த பாடத்தில் இல்லாத இடம். அடுத்த ஊரில் அதே இரண்டு பேர் நடித்தாலும் அது திரும்ப வராது.

பாட்டுகளில் எது உங்களுக்குப் பிடிக்கும்?

'காயாத கானகத்தே'. வேடன் வள்ளியைப் பார்த்துப் பாடுவது. நிறையப் பேருக்கு இது 1945இல் வந்த ஸ்ரீவள்ளி படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடித்தான் தெரியும். நாடகத்தில் கேட்டால் அதன் வேலையே வேறு. 'மேயாத மான், புள்ளி மேவாத மான்' என்று அவன் தேடி வந்த மானுக்கு அடையாளம் சொல்கிறான். எதிரே நிற்கும் பெண்ணுக்கு அந்த மான் தான்தான் என்று புரிய வேண்டும், புரிந்தும் புரியாத மாதிரி நிற்க வேண்டும். அவன் எத்தனை சங்கதி போட்டாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் தினைக்கதிரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வள்ளிகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிலர் பாட்டு முழுக்க வெட்கப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்படிச் செய்தால் பின்னால் வரும் தர்க்கத்துக்கு வலு இல்லாமல் போய்விடுகிறது.

வள்ளி கிளி, குருவி விரட்டும் ஆலோலப் பாட்டும் பிடிக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் மலையடிவாரத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்றும் பரண் கட்டி ராத்திரி காவல் இருக்கிறார்கள், பன்றிக்கும் யானைக்கும். 'ஆலோலம்' என்று அவள் இழுக்கும்போது கூட்டத்தில் எங்கோ ஒரு பெரியவர் கூடவே குரல் கொடுப்பார். அது அவருடைய வேலைப் பாட்டும்தான்.

சுதந்திரப் போராட்டத்துக்கும் இந்த நாடகத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தியாகி விஸ்வநாததாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். நாடக மேடையிலேயே வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடிப் பல தடவை சிறைக்குப் போனவர். வள்ளி பறவை விரட்டும் இடத்தில் பாடும் 'கொக்கு பறக்குதடி பாப்பா' என்ற பாட்டு மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது. கொக்கு என்றால் வெள்ளைக் கொக்கு, அதாவது வெள்ளைக்காரன். நம் வயலில் வந்து தின்றுவிட்டுப் பறக்கும் கொக்கு. எதிரே போலீஸ் உட்கார்ந்திருக்கும்போதே அதைப் பாடினார்கள். பறவை விரட்டுகிறாள் என்பதற்கு மேல் மேடையில் வேறொன்றும் நடக்கவில்லை, ஆனால் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் இதே வள்ளி திருமணம். விஸ்வநாததாஸ் முருகன். மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்துவிட்டது. இந்த வேஷத்தைக் கட்டும் ஒவ்வொரு ராஜபார்ட்டையும் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவு வரும். பிள்ளைகளுக்குச் சுதந்திரப் போராட்டம் என்று சொல்லிக்கொடுக்கும்போது இவரையும் சொல்லிக்கொடுங்கள்.

பழைய நாடகப் பாடகர் கிட்டப்பா செங்கோட்டைக்காரர்தானே? அது அப்போது கேரளமா?

திருவிதாங்கூர். செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்தது 1906இல், இறந்தது 1933இல். அதாவது அவர் வாழ்ந்த காலம் முழுக்க அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இருபத்தேழு வயதுதான். அதற்குள் தமிழ் பேசும் இடமெல்லாம் அவர் குரலைத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் குரலை மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். அப்படி மேல் ஸ்தாயியில் நின்று, அங்கேயே வேகமாக உருளும் பிருகாவும் போடுவது கிட்டப்பாவின் பாணி. பழைய இசைத்தட்டுகளில் கேட்டுப் பாருங்கள். கே.பி. சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது இலங்கையில். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் பாடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்புறம் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் போன பிறகு அந்த அம்மா வேறு ஆண்களோடு ஜோடியாக நடிக்கவில்லை, வெள்ளைச் சேலையோடு வாழ்ந்தார். இன்று எந்த ஊர் மேடையில் எந்த ராஜபார்ட் குரலை உயர்த்தி நிறுத்தினாலும் அதில் கிட்டப்பாவின் சாயல் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

செங்கோட்டை வழியாகப் புனலூர் ரயிலில் போகிறவர்கள் கண்ணறைப் பாலத்தைப் படம் எடுக்கிறார்கள். அந்த ஊரில் இறங்கி அவர் தெருவையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம்.

மலையாளிகளுக்கு இந்த நாடகம் புரியுமா?

எங்கள் அனுபவத்தில் நன்றாகவே புரிகிறது. வண்டிப்பெரியாறு, பீர்மேடு, மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருப்பதால் அங்கே தமிழ் காதில் விழாத ஆள் கிடையாது. எங்கள் ஊரில் திருவிழா என்றால் குமுளியிலிருந்து இறங்கி வருபவர்களில் மலையாளக் குடும்பங்களும் உண்டு. பபூனும் சும்மா இருக்க மாட்டார், நாலு வரி மலையாளம் போட்டு அவர்கள் பக்கம் ஒரு கை தட்டல் வாங்கிவிடுவார்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்ச் சங்கீத நாடகக் குழுக்கள் அந்தக் காலத்திலேயே கேரளத்துக்குள் போய் நடித்திருக்கின்றன. அதைப் பார்த்த உற்சாகத்தில்தான் டி.சி. அச்யுதமேனோன் 1892இல் சங்கீத நைஷதம் என்ற மலையாள நாடகத்தை எழுதினார். நம் மேடைப் பாட்டுக்கு அங்கே பழைய சொந்தம் இருக்கிறது.

அப்புறம், பழைய திருவிதாங்கூரில் இருந்து கன்னியாகுமரி மாவட்டமாகிவிட்ட தக்கலைப் பக்கம் குமாரகோவில் இருக்கிறது. வேளிமலை அடிவாரம். வள்ளி கதை தங்கள் மலையில்தான் நடந்தது என்று அந்த ஊர் சொல்லும். பங்குனியில் திருக்கல்யாணத்தின்போது குறவர் படுகளம் என்று ஒன்று நடக்கும். வள்ளியின் ஆட்கள் முருகனை வழிமறித்துச் சண்டை போட்டுத் தோற்பது. கல்யாணத்தை எதிர்த்தவர்களுக்கும் விழாவில் ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடித்த சடங்கு. வட எல்லையில், ஆந்திராவின் சித்தூருக்குப் பக்கத்தில், வள்ளிமலை என்றே ஒரு ஊர் இருக்கிறது. அவர்களும் தங்கள் ஊர் என்றுதான் சொல்வார்கள்.

யானையைக் காட்டிப் பயமுறுத்திக் கல்யாணம் செய்வது சரியா? இதை எப்படி ரசிக்கிறீர்கள்?

காலேஜில் படிக்கும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டது. நல்ல கேள்வி. அந்த இடம் என்னையும் உறுத்தும்.

புராணத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. வள்ளி முற்பிறவியில் திருமாலின் மகள், முருகனை அடையத் தவம் செய்தவள், அதனால் அவள் விரும்பியதுதான் நடக்கிறது என்று சொல்வார்கள். பக்தியோடு பார்ப்பவர்களுக்கு அது போதும். எனக்கு மேடையில் என்ன நடக்கிறது என்பது முக்கியம். மூன்று மணி நேரமாக இந்தப் பெண் பேசியிருக்கிறாள். நாரதரை மடக்கினாள், வேடனை விரட்டினாள், கிழவனைத் திட்டினாள். பேச்சில் ஒரு இடத்திலும் அவள் தோற்கவில்லை. கடவுளாகவே இருந்தும் வாயால் ஜெயிக்க முடியாமல்தான் அண்ணனைக் கூப்பிடுகிறார். கூட்டத்தில் இருக்கும் பெண்களுக்கு இது தெரியும். யானை வரும்போது அவர்கள் சிரிப்பது முருகனைப் பார்த்துத்தான்.

நடிப்பவரைப் பொறுத்தும் இது மாறும். பயந்து ஓடிக் கட்டிப்பிடித்துக்கொள்வதோடு சிலர் முடித்துவிடுவார்கள். நல்ல ஸ்திரீபார்ட் அதற்கப்புறமும் விடமாட்டார். முருகன் சுயரூபம் காட்டிய பிறகும், 'இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இந்த வேஷமெல்லாம் எதற்கு?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மாலையை வாங்குவார். அப்படி ஒரு வள்ளி கிடைத்த ராத்திரி எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பபூன், டான்ஸ் எல்லாம் ஆபாசமாக இருக்குமாமே? குடும்பத்தோடு போகலாமா?

போகலாம், நான் அப்படித்தான் போகிறேன். முதல் பகுதியில் பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் வருவார்கள். இரட்டை அர்த்தப் பேச்சு இருக்கத்தான் செய்யும், சில ஊர்களில் அளவு மீறும். விழாக் கமிட்டி முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் கலைஞர்கள் கேட்டுக்கொள்வார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்று விசில் அடித்து அதைத்தான் கேட்கிறது ஒரு கூட்டம். பழி மட்டும் நடிப்பவர்கள் மேல்.

டான்ஸ் ஆடும் பெண்ணும் ஸ்திரீபார்ட்டும் விடியற்காலை அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த ராத்திரி வேறு ஊர். ராத்திரி முழுக்கக் கை தட்டியவர்களே காலையில் அவர்களைப் பார்க்கும் பார்வை சரியில்லை. இதை எங்கே சொன்னாலும் கோபத்தோடுதான் சொல்வேன். பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட நூற்றுக்கணக்கான பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நினைத்த நேரத்தில் நினைத்த சுருதியில் எடுத்துப் பாடுகிறார்கள். அவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுங்கள். ஊருக்கு வந்தால் தங்குவதற்குக் கதவு உள்ள ஒரு அறை, குடிக்கத் தண்ணீர், பேசிய பணம் பேசிய நேரத்தில். கமிட்டியில் இருப்பவர்கள் இதைச் செய்தாலே போதும்.

யூடியூப்பில் முழு நாடகமும் இருக்கிறதே?

இருக்கிறது, நானும் பார்க்கிறேன். துணி மடிக்கும்போது, ஏலக்காய் தரம் பிரிக்கும்போது தர்க்கம் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய நாரதர்களை நான் கேட்டதே அப்படித்தான். ஆனால் கேமரா பாடுகிறவரை மட்டும் காட்டும். அவர் பாடும்போது எதிரில் நிற்பவர் அடுத்த பதிலை மனதுக்குள் கட்டிக்கொண்டிருப்பார். கண் ஆர்மோனியத்தின் பக்கம் போகும், விரல் ஒன்று மேலே எழும், ஆர்மோனியக்காரர் தலையாட்டுவார். அது நேரில் போனால்தான் கிடைக்கும்.

முதல்முறை போகிறேன். என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் எங்கள் பக்கம் கோயில் திருவிழாக் காலம். டீக்கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டிக்கெட் கிடையாது, ஊர்ச் செலவில் நடப்பது.

பத்து மணிக்கு என்று போட்டிருந்தால் ஒன்றும் அவசரமில்லை, ஆனால் இடம் வேண்டுமென்றால் முன்னால் போய்ப் பாய் போட்டுவிடுங்கள். ஆர்மோனியம் இருக்கும் பக்கமாக உட்காருங்கள். மலைக்காற்று நள்ளிரவுக்கு மேல் இறங்கும், போர்வை கட்டாயம். காமெடி முடிந்து ஒரு மணிக்குக் கூட்டம் கலையும். எழுந்துவிடாதீர்கள், உண்மையான நாடகம் அதற்கப்புறம்தான். தூக்கம் வந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் சாய்ந்துவிடுங்கள். தர்க்கம் சூடாகும்போது பக்கத்தில் இருப்பவர்களே எழுப்பிவிடுவார்கள்.

மைக்கில் நடுநடுவே அன்பளிப்பு கொடுத்தவர் பேரைப் படிப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு அது இடைஞ்சலாகத் தெரியும். அந்தப் பணம் நேராகக் கலைஞர் கைக்குப் போகிறது, அதனால் நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒரு பாட்டு பிடித்தால் நீங்களும் கொடுங்கள்.

இதெல்லாம் இன்னும் எத்தனை காலம் நடக்கும்?

முன்பு நாடகம் போட்ட சில ஊர்களில் இப்போது ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிறார்கள். அது வருத்தம்தான். அதே நேரம் வேண்டுதல் என்று வள்ளி திருமணம் போடும் ஊர்களும் இருக்கின்றன. கல்யாணம் தட்டிப்போகும் பிள்ளைகளுக்காக நேர்ந்துகொண்டு போடுபவர்களும் உண்டு. இளம் நாரதர்கள் வருகிறார்கள். புதிய ஆர்மோனியக்காரர்கள் அந்த அளவுக்கு வரவில்லை, என் கவலை அதுதான். அதைக் கற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் ஒருவர் பின்னாலேயே திரிய வேண்டும். உங்கள் ஊர்க் கமிட்டியில் பேச்சு வந்தால் நாடகத்துக்குக் கை தூக்குங்கள்.

எங்கள் மருமகள் கட்டப்பனைக்காரப் பெண், தமிழ் கொஞ்சம்தான் தெரியும். கூட்டிக்கொண்டு வரலாமா, அத்தை?

தாராளமாகக் கூட்டிக்கொண்டு வா. முருகன் கதை அவளுக்கும் தெரிந்திருக்கும், வேங்கை மரமும் கிழவனும் வரும் இடங்களை மட்டும் முன்னாலேயே சொல்லிவை. தர்க்கத்தில் வேகமாகப் போகும் வசனங்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வருகிறேன், பாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் பிடிக்க வேண்டியிருந்தால் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வரச் சொல். இந்த வருஷம் வள்ளியாக வருபவர் புதுக்கோட்டை, நாரதர் மணப்பாறை, இரண்டு பேரும் சேர்ந்து நடித்ததில்லையாம். ஒன்பதரைக்குள் வந்துவிடுங்கள், பாய் நான் கொண்டுவருகிறேன்.